இருநூற்றுப் பன்னிரண்டு முறை மூடிய மூடி

பிப்ரவரி 3

இந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு,

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. திறந்ததும் இந்தத் தாள்தான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று மடிக்கணினியின் மேலேயே வைத்திருக்கிறேன். படித்து முடித்துவிட்டு அப்புறம் திருப்புளியைக் கையில் எடுங்கள்.

இந்தக் கணினி உங்களிடம் வருவது இது மூன்றாவது முறை. முதல் முறை பேட்டரியை மாற்றினீர்கள். இரண்டாம் முறை திரையை மாற்றினீர்கள். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, பாவம். என் புகார் வேறு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை சட்டென்று இருண்டுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில், ஒன்றுமே நடக்காதது போல, தானாகவே முழித்துக்கொள்ளவும் செய்கிறது. உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு இதைப் பதினோரு முறை தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் வேறு குரல். ஒவ்வொரு குரலுக்கும் கணினியின் பதினாறு இலக்க எண்ணை முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டும். நான் நடுவில் தடுமாறினால், அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கும் என் அக்கா மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறாள். போன வாரம் நடந்தது இது:

"சார், ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"அதுவே ஆஃப் ஆகுதும்மா. அதான் புகாரே."

"நீங்களும் ஒரு தடவ பண்ணிப் பாருங்க சார்."

நான் பள்ளிக்கூட அறிவியல் பாடப்புத்தகங்கள் எழுதுகிறவன். இப்போது ஆறாம் வகுப்புக்குப் புதிய பதிப்பு தயாராகிறது. ஐந்து பேர் கொண்ட குழு செவ்வாயும் வெள்ளியும் வீடியோவில் கூடும். ஏதாவது ஒரு வரிக்காக நான் முன்னே குனிந்து வாதாடும் நேரம் பார்த்துத் திரை அணைகிறது. அவர்கள் பார்வையில் நான் பேச்சை முறித்துக்கொண்டு மறைந்துவிடுகிறேன். நான்கு முறை இப்படி ஆனதும் குழுத் தலைவர் சொன்னார்: "இஷ்டமில்லேன்னா நேராச் சொல்லிடுங்க. வேற ஆள் பாத்துக்கறோம். இப்படி பாதியில எழுந்து போறது நல்லால்ல." இருபத்திரண்டு வருடம் செய்த வேலை.

ஆகவே ஒரு வேண்டுகோள். எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். அதற்கு என்ன ஆகிறது என்று பாருங்கள், போதும்.

பாடப்புத்தகக்காரன்


பிப்ரவரி 11

ஐயா அவர்களுக்கு,

வாடிக்கையாளருக்கு நாங்கள் கடிதம் எழுதக் கூடாது. எழுதுவதெல்லாம் அச்சடித்த படிவத்தில் டிக் அடிப்பதோடு சரி. அதனால் இதைப் பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு அட்டைக்கு அடியில் வைக்கிறேன். உங்கள் கண்ணில் படும் என்ற நம்பிக்கைதான்.

இங்கே வரிசையாகப் பதினான்கு மேசை. நான் மூன்றாவது மேசை. உங்கள் தாளை இரண்டு முறை படித்தேன். பாகம் எதையும் மாற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் பெட்டி என்னிடம் வரும்போதே ‘மதர்போர்டு மாற்றவும்’ என்று சீட்டு ஒட்டி வந்தது. சீட்டில் உள்ளதைச் செய்தாக வேண்டும். மன்னிக்கவும்.

மாற்றுவதற்கு முன்னால் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட அணையவில்லை. பிறகு, கணினி தனக்கு நடந்ததையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவேடு ஒன்று உள்ளே உண்டு, அதைத் திறந்து பார்த்தேன். சேவைப் பிரிவில் யாரும் அதைப் பார்ப்பதில்லை, நேரம் பிடிக்கும் வேலை. அதில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: ‘மூடி மூடப்பட்டது’. நான்கு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை.

ஒன்றைப் பாருங்கள். ஜனவரி பதினாறு, காலை 11:07, மூடி மூடப்பட்டது. ஒன்பது விநாடி கழித்து, மூடி திறக்கப்பட்டது. ஒன்பது விநாடிக்கு யாராவது மடிக்கணினியை மூடித் திறப்பார்களா? எனக்குப் புரியவில்லை. இதை யோசித்துக்கொண்டே போய் நேற்று இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன்.

பேசும்போது மூடியைத் தட்டும் பழக்கம் உண்டா? வீட்டில் குழந்தைகள் யாராவது? கேட்பது தப்பென்றால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது மேசை


பிப்ரவரி 27

மூன்றாவது மேசைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. புது மதர்போர்டு நான்கு நாள் உழைத்தது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், ‘தாவரத்தின் சுவாசம்’ பற்றிப் பேசும்போது எனக்கு மூச்சு நின்றது. அதாவது திரைக்கு.

நான் மூடியைத் தட்டுகிறவன் இல்லை. வீட்டில் குழந்தைகளும் இல்லை. நானும் அக்காவும்தான். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சுள்ளென்று ஆனது, மறைப்பானேன். ஆனால் அந்த ஒன்பது விநாடி என்னையும் விடவில்லை. ஒரு நோட்டு போட்டேன். அணையும்போதெல்லாம் தேதி, நேரம், அப்போது நான் செய்துகொண்டிருந்தது, மூன்றையும் எழுதினேன். பன்னிரண்டு நாளில் பத்தொன்பது முறை. அதில் பதினாறு கூட்டத்தின்போது. தனியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் தட்டச்சு செய்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. கேமராவில் கோளாறா? இணையச் சுமையா? அக்காவைக் கேட்டால், "அஞ்சு பேரு மூஞ்சியையும் ஒரே நேரத்துல பாத்தா எனக்கும்தான் மயக்கம் வரும்" என்கிறாள்.

மேசைமேல் இருப்பவை: மூக்குக் கண்ணாடிக் கூடு, தண்ணீர்க் குவளை, கைபேசி, இரண்டு பேனா, திருத்தப் பிரதிகள், அவை பறக்காமலிருக்க ஒரு தாள்கனம். இவ்வளவுதான்.

சேவைப் பிரிவில் புதுக் குரல் ஒன்று எச்சரித்தது: "இது நாலாவது தடவ சார். இந்தத் தடவயும் ஒண்ணும் இல்லேன்னா ‘கோளாறு இல்லை’ன்னு முடிச்சிருவாங்க. அப்புறம் எடுத்துக்க மாட்டோம்." கோளாறு இல்லை என்றால் என்ன அர்த்தம்? நான் பொய் சொல்கிறேன் என்றுதானே?

நீங்கள் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்ததற்கு நன்றி.

பாடப்புத்தகக்காரன்


மார்ச் 6

ஐயா,

உங்கள் நோட்டு விவரம் எனக்குப் பெரிய உதவி. இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தை அதற்கே கொடுத்தேன்.

மூடி மூடியிருக்கிறதா என்பது கணினிக்கு எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது. விசைகளுக்குக் கீழே, இடது மணிக்கட்டை ஊன்றும் இடத்தில், உள்ளே அரிசி அளவில் ஓர் உணரி. காந்தம் கிட்டே வந்தால் மூடிவிட்டார்கள் என்று நினைத்துத் தூங்கிவிடும். விலகினால் முழித்துக்கொள்ளும். அந்த உணரி கெட்டிருக்கலாம் என்று புதிதாகப் போட்டிருக்கிறேன். ஆனால் பழையதைச் சோதித்தேன். அதில் பழுதே இல்லை.

அப்படியானால் உங்கள் அறையில் ஏதோ ஒரு காந்தம், அந்த இடத்துக்கு வந்து வந்து போகிறது. நீங்கள் பட்டியலிட்டது போன்ற பொருள்கள் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். கைபேசி உறை, கண்ணாடிக் கூடு, தாள்கனம்கூட. ஒன்றுக்கும் அணையவில்லை. ஆக, கூட்டம் நடக்கும்போது நீங்கள் செய்கிற, தனியாக இருக்கும்போது செய்யாத ஏதோ ஒன்று இருக்கிறது.

அடுத்ததை எழுதலாமா கூடாதா என்று ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதுகிறேன். உங்கள் விசைப்பலகையை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தேன். இடப்பக்கத்து எழுத்துகளில் நகக் கீறல்கள் எல்லாம் வலப்பக்கமிருந்து சாய்ந்து விழுந்திருக்கின்றன. இடது ஷிப்ட் விசை வாங்கிய அன்று இருந்தது போலவே இருக்கிறது. மணிக்கட்டு ஊன்றும் இடத்தில் இடப்பக்கம் மட்டும், மூன்று விரல் அகலத்துக்கு, ஏதோ கெட்டியான ஒன்று உரசி உரசி மங்கியிருக்கிறது.

உங்கள் இடது கையில் ஏதாவது அணிந்திருக்கிறீர்களா?

இனிமேல் அணைந்தால் கணினியை அனுப்பாதீர்கள். ‘கோளாறு இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். கடிதம் மட்டும் போதும். என் வீட்டு விலாசம் கீழே. "யாரோட கம்ப்யூட்டருக்கோ நீ ஏன் ராப்பகலா யோசிக்கிறே?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். பதில் தெரியவில்லை. எனக்கு ஒன்று புரியாவிட்டால் சாப்பாடு இறங்காது.

மூன்றாவது மேசை


மார்ச் 12

அம்மணி,

உங்களிடம் பழுது பார்க்க அனுப்பியது என் கணினியை. என்னை அல்ல.


மார்ச் 30

மூன்றாவது மேசைக்கு,

போன கடிதத்தை எழுதிய கையோடு தபாலில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே திரும்பப் பிடுங்கிக்கொண்டு வரலாமா என்று இருந்தது. நீங்கள் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால்தான் ஆச்சரியம்.

சொல்லிவிடுகிறேன். பதினேழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன், வாய் குழறியது. பக்கவாதம். பேச்சு திரும்பிவிட்டது, காலும் சரியாகிவிட்டது. இடது கை மட்டும் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். அதற்காக உள்ளங்கையிலிருந்து முழங்கைப் பக்கம் வரை ஒரு பட்டை போட்டிருக்கிறேன். சாதாரணப் பட்டையை ஒற்றைக் கையால் பூட்ட முடியாது. இது கிட்டே கொண்டுபோனாலே டக்கென்று கவ்விக்கொள்ளும் வகை. எதனால் கவ்விக்கொள்கிறது என்பதை நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஆறாம் வகுப்புக்குக் காந்தம் பாடம் எழுதியவன் நான். மூன்று பதிப்பு.

குழுவில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாம் வீடியோவில்தானே. தனியாக எழுதும்போது கையை மடியில் தலையணைமேல் வைத்துக்கொள்வேன். கூட்டத்தில் மடியில் வைத்தால் கை நடுங்கும், தோள் ஆடும், திரையில் தெரிந்துவிடும். அதனால் கேமராவுக்குக் கீழே, கணினியின் இடது ஓரத்திலேயே, அழுத்தி வைத்துக்கொள்வேன். வாதம் சூடு பிடித்தால் இன்னும் முன்னால் நகர்ந்து அழுத்துவேன்.

கோபமெல்லாம் வடியப் பத்து நாள் ஆனது. பிறகு ஒரு மத்தியானம் பட்டையைக் கழற்றி, நீங்கள் சொன்ன இடத்தில் வைத்தேன். அணைந்தது. எடுத்தேன். முழித்துக்கொண்டது. சின்னப் பையன் போலத் திரும்பத் திரும்ப வைத்து வைத்து எடுத்தேன். அக்கா எட்டிப் பார்த்து, "என்னடா பண்றே?" என்றாள்.

"நான்தான் மூடியிருக்கேன்க்கா. இருநூறு தடவ."

அவள் பட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அவங்ககிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா மதர்போர்டு மிச்சமாயிருக்கும்" என்றாள். அவங்க என்று யாரைச் சொன்னாள், உங்களையா குழுவையா, கேட்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், அணிந்திருக்கிறேன். இதைக் கேட்டதற்காக உங்கள்மேல் எரிந்து விழுந்தது என் தப்பு. உங்கள் நிறுவனத்துக்கும் நேற்று ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது மேசையில் இருப்பவர் எப்படியெல்லாம் மெனக்கெட்டார், என்னவெல்லாம் எழுதினார் என்று விவரமாக.

பாடப்புத்தகக்காரன்


ஏப்ரல் 9

ஐயா,

முதலில், உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு அழுகை வந்தது. கோளாறு கிடைத்த சந்தோஷமா, வேறு ஏதாவதா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் சிறிய கடிதத்துக்கு நான்கு பதில் எழுதினேன். ஒன்றையும் அனுப்பத் தைரியம் வரவில்லை. கேட்ட விஷயத்தில் தப்பில்லை, கேட்ட விதத்தில்தான் தப்பு என்று தோன்றியது. கைரேகை நிபுணர் மாதிரி நகக் கீறலை எல்லாம் அடுக்கியிருந்தேன். ஒரு மனுஷரிடம் அப்படியா பேசுவது?

இரண்டாவது, உங்கள் பாராட்டுக் கடிதம் வந்து சேர்ந்தது. மேற்பார்வையாளர் அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"வாடிக்கையாளருக்கு லெட்டர் எழுதினியா?"

"எழுதினேன் சார்."

"எத்தன?"

"ரெண்டு."

"வீட்டு அட்ரஸ் குடுத்தியா?"

"குடுத்தேன்."

ஒரு வாரம் என்னை மேசையில் உட்காரவிடவில்லை. கிடங்கில் பெட்டி எண்ணும் வேலை. நீங்கள் நல்லதை நினைத்துத்தான் செய்தீர்கள், தெரியும். ஆனால் அந்த ஒரு வாரம் உங்களைக் கொஞ்சம் திட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிடங்கில் சும்மா இருக்க முடியவில்லை. ‘கோளாறு இல்லை’ என்று முத்திரை குத்திய கணினிகளின் பதிவேடுகள் அங்கே ஒரு ஹார்டு டிஸ்கில் கிடந்தன. அதே வரியைத் தேடினேன். மூடி மூடப்பட்டது, சில விநாடியில் திறக்கப்பட்டது. முப்பத்தொரு கணினிகள். முப்பத்தொரு பேரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

பட்டியலை மேற்பார்வையாளர் மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "சரி. நீயே கூப்பிட்டுக் கேளு. நான் கூட இருந்து கேப்பேன்" என்றார். ஒரு மாதம் அவகாசம். ஒன்றும் கிடைக்காவிட்டால் மறுபடி கிடங்குதான்.

எல்லோரும் கையில் பட்டை போட்டிருக்க மாட்டார்கள். சிலருக்கு வளையலாக இருக்கும், சிலருக்குக் கடிகார வாராக இருக்கும். ஆனால் யாராவது ஒருவர் உங்களைப் போல இருந்தால்? எனக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியும். கேள்வி கேட்கத் தெரியாது என்று நிரூபணமாகிவிட்டது. நீங்கள் பாடத்துக்குப் பின்னால் கேள்வி எழுதுகிறவர். எனக்கு ஒரே ஒரு கேள்வி எழுதித் தருவீர்களா?

மூன்றாவது மேசை (போன வாரம் வரை கிடங்கு)


ஏப்ரல் 17

மூன்றாவது மேசைக்கு,

உங்களைக் கிடங்குக்கு அனுப்பியது நான்தான். நன்றி சொல்லக்கூட எனக்கு ஒழுங்காகத் தெரியவில்லை. அந்த ஒரு வாரத்துக்கு என்னை இன்னும் திட்டலாம்.

நான்கு நாளாக உங்கள் கேள்வியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கில் வினாக்கள் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் பதில் எனக்கு முன்பே தெரியும். பதில் தெரியாமல் கேட்பது இவ்வளவு சிரமம் என்று இப்போதுதான் தெரிகிறது. ‘உடல்நலக் குறைபாடு ஏதும் உள்ளதா’ என்று முதலில் எழுதினேன். அக்கா படித்துவிட்டு, "பாஸ்போர்ட் ஆபீஸா?" என்றாள். அடித்துவிட்டேன். ‘காந்தம் உள்ள பொருள்’ என்று எழுதினேன். என் பட்டையில் காந்தம் இருப்பது எனக்கே தெரியாதே. அதையும் அடித்துவிட்டேன்.

கடைசியில், எனக்கு என்ன சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன் என்று யோசித்தேன். கேள்விக்கு முன்னால் ஒரு வாக்கியம் வேண்டும்:

"நீங்க சொன்னது உண்மைதான். அது அணைஞ்சது எங்க பதிவுலயே இருக்கு."

அத்தனை குரலில் ஒன்றுகூட என்னிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள். பிறகு:

"நீங்க அது முன்னால எப்படி உக்காந்து வேல செய்வீங்கன்னு சொல்றீங்களா? கை எங்க இருக்கும், கிட்ட என்னென்ன இருக்கும், எல்லாம். அவசரமில்ல."

அவ்வளவுதான். பதில் வரும்வரை நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டமான பகுதி.

என் பக்கத்துச் செய்தி. போன செவ்வாய்க் கூட்டத்தில், ஆரம்பத்திலேயே கையைத் தூக்கிக் கேமரா முன்னால் காட்டினேன். ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "இதனாலதான் அணைஞ்சிட்டிருந்தது" என்று மட்டும் சொன்னேன். மற்ற நான்கு கட்டத்திலும் அசைவில்லை. திரை உறைந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். படம் வரைகிற பெண்தான் முதலில், "வலிக்குதா சார்?" என்றாள். பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப நீங்க கோவிச்சிக்கிட்டுப் போகலையா?" என்றார்.

"கோவம் இருந்தது. போகத்தான் இல்ல."

அதன் பிறகு தாவர சுவாசத்துக்காக நாற்பது நிமிடம் சண்டை போட்டோம். ஒரு முறையும் திரை அணையவில்லை. வாதத்தில் நான் தோற்றேன். வேலை இருக்கிறது.

இத்தனை கடிதத்தில் நீங்கள் என்னை எத்தனையோ கேட்டிருக்கிறீர்கள். நான் உங்களை ஒன்றுமே கேட்கவில்லை என்பது நேற்றுதான் உறைத்தது. இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்?

பாடப்புத்தகக்காரன்


ஏப்ரல் 25

ஐயா,

இன்றுதான் முதல் அழைப்பு. உடனே எழுதுகிறேன், நான் இந்த வேலைக்கு வந்த கதை அடுத்த கடிதத்தில்.

பட்டியலில் அதிக முறை திருப்பி அனுப்பப்பட்டவரிலிருந்து தொடங்கினேன். ஒரு பெண்மணி. வீட்டிலிருந்தே துணி வடிவமைப்பு செய்கிறவராம். ஏழு முறை அனுப்பியிருக்கிறார், ஏழு முறையும் ‘கோளாறு இல்லை’. பக்கத்து நாற்காலியில் மேற்பார்வையாளர் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரத்தை வேறு கழற்றி வைத்துக்கொண்டார். ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம் என்பது இங்கே கணக்கு.

நிறுவனத்தின் பெயரைச் சொன்னதுமே, "இப்ப எத மாத்தப் போறீங்க?" என்றார். குரலில் சண்டைகூட இல்லை, அலுப்புதான்.

நீங்கள் எழுதிய முதல் வாக்கியத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையை அசைத்தேன்.

"உண்மைன்னா சொல்றீங்க?" என்றார் அந்த அம்மா.

"ஆமாங்க. ஐநூத்தி அறுவது தடவ பதிவாகியிருக்கு."

பிறகு கேள்வியைக் கேட்டேன். நீங்கள் சொன்னது சரி, பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். நாக்கு நுனி வரை ஏதேதோ வந்தது. மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடிகார முள் ஒரு சுற்று போயிருக்கும்.

"இருங்க, கதவ சாத்திட்டு வரேன்" என்றார்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. பிறகு தன் கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாற்பத்தைந்து நிமிடம். மேற்பார்வையாளர் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

மூன்றாவது மேசை